அரைத் திருகு

படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் அவருக்கு ஒத்தக்கோடு என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவரே நினைத்துக்கொள்வார்.

கண்ணாடி அறுக்கிறவர்கள் ஒரு தடவை கோடு போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை அறுக்கும் சக்கரத்தை ஓட்டுவது உண்டு. ஓட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் கோடு விழுந்த கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்காது. தன் இஷ்டத்துக்கு உடையும். தெரிந்தும் மனசு கேட்காமல் கை போகும். இவருடைய கை மட்டும் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் போனதில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த சின்னச் சக்கரம் கண்ணாடியின் மேல் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வார். புதுத்துணியைக் கிழிப்பதுபோல ஒரே சீராகச் சத்தம் வந்தால் கோடு விழுந்துவிட்டது. நடுவில் எங்காவது அந்தச் சத்தம் தேய்ந்தால் அந்தத் துண்டையே தள்ளி வைத்துவிட்டு வேறு எடுப்பார்.

"அண்ணே, கண்ணைத் தொறந்து பாத்து அறுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்பார் இப்போதைய முதலாளி. பெரிய முதலாளியின் மகன் அவர். இவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"பாத்தா குழப்பம் தம்பி. காது சொன்னாப் போதும்."

அந்தக் காதுதான் அவருக்குக் கிட்டாரையும் கொடுத்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பழைய கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சுவரில் மாட்டும்படி செய்து தாருங்கள் என்றார். இறந்துபோன தம்பியுடையதாம். அளவு எடுத்தார்கள். பெட்டியும் செய்தார்கள். ஆள் திரும்பி வரவே இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பெரிய முதலாளி பெட்டியில் பேனா பென்சில் அடுக்கி வைத்துக்கொண்டு, கிட்டாரை இவர் கையில் திணித்தார். "எடுத்துட்டுப் போய்யா. இங்க இருந்தா எலி வாசிக்கும்."

அப்போது இவருக்கு நாற்பது வயது. அந்த வயதில் எவனாவது கிட்டார் பழகுவானா? இவர் பழகினார். நாலு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருந்த நண்பர் கீபோர்டு வாசிப்பார். அவர் சொல்லிக் கொடுத்தது பாதி, தானாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது பாதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மருந்துக்கடையின் மாடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து வாசிப்பார்கள். கேட்க ஆள் கிடையாது. கைதட்டலும் கிடையாது. அதற்காக வாரம் முழுவதும் காத்திருப்பார்.

வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் ஜன்னலோரமாக மனைவியின் தையல் மெஷின். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கினால் பகல் முழுக்க அந்தச் சத்தம் ஓயாது. மெஷினுக்கு எதிர்ச்சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் கிட்டார். ஒரே மகள் சிறுமியாக இருந்தபோது அதை இறக்கி விளையாடிக் கம்பியை அறுத்துவிட்டாள். என்றைக்கும் கத்தாத மனுஷன் அன்றைக்கு வீடே அதிரக் கத்தினார். "இந்த வீட்ல எதை வேணா தொடுங்க. இதை மட்டும் யாரும் தொடக்கூடாது!" மகள் வளர்ந்து வேலைக்காக வேறு ஊர் போய்விட்டாள். அந்தச் சொல் மட்டும் வீட்டிலேயே இருந்தது. டெய்லரம்மா தூசு தட்டும்போதுகூடக் கிட்டாரைத் தொடாமல் சுற்றிலும் துடைப்பாள்.

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நம்ம கல்யாண நாளைக்கு உனக்கு ஒன்னு வாசிக்கிறேன்."

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. நானாப் போட்டது. வார்த்தை கிடையாது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்கா?"

"ஆமா, இருபத்தஞ்சு வருஷமா ஒரு பூ வாங்கித் தர வக்கில்ல, பாட்டுப் போடறாராம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்ட முகத்தில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அன்று தைத்த இரண்டு சட்டைகளில் பொத்தான் ஓட்டையை மாற்றி வைத்துவிட்டாள். அவள் கைத்தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

அந்த மெட்டில் மூன்று பகுதிகள். முதல் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. மூன்றாவதில் ஓர் இடம். சுண்டுவிரலை எட்டி நீட்டி, மெல்லிய கம்பியை அமுக்கிப் பிடித்தபடி மற்ற மூன்று விரல்களையும் நகர்த்த வேண்டும். அந்த இடம் வந்தால்தான் மெட்டு முழுசாகும். இல்லாவிட்டால் பாதி வாசலில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும்.

சரியாக அந்தச் சுண்டுவிரல்தான் முதலில் செத்தது.

கண்ணாடி அறுப்பவருக்கு வலது கை சக்கரம் ஓட்டும். இடது கை அளவுகோலை அசையவிடாமல் அமுக்கிப் பிடிக்கும். முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கையில் இறக்கி, நாளைக்கு ஐம்பது அறுபது துண்டு. முப்பத்தொரு வருஷம். முதலில் முழங்கையின் உள்பக்கம் சுரீர் என்றது. பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் எறும்பு ஊர்வதுபோல மரத்தன. கடைசியில் டீ கிளாஸைப் பிடித்தால் அந்த இரண்டு விரலும் பிடியில் சேராமல் விருந்தாளி மாதிரி தள்ளி நின்றன.

டெய்லரம்மாதான் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். இவர் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார்.

"இங்க ஒரு நரம்பு போகுது. அது நசுங்கியிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார்.

"வேற?"

"கொஞ்சம்... கிட்டார்."

டாக்டர் பேனாவை மூடினார். "ரெண்டுல ஒன்ன விடுங்க."

"கண்ணாடி சோறு போடுதும்மா."

"அப்ப கிட்டாரை விடுங்க."

"அது இல்லன்னா அந்தச் சோறு எறங்காதே டாக்டரம்மா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் கொஞ்சம் இரங்கினார். முழங்கைக்குப் பஞ்சு வைத்த பட்டை. படுக்கும்போது கை மடங்காமல் இருக்கத் துண்டைச் சுற்றிக் கட்ட வேண்டும். கிட்டார் நாளைக்குப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது. எழுந்து வரும்போது டாக்டர் டெய்லரம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அழுத்தத்தைக் குறைக்கணும்மா. விரல் எவ்வளவு அழுத்தம் குடுக்குதோ அவ்வளவு வலி. நீங்கதான் பாத்துக்கணும்."

நீங்கதான் பாத்துக்கணும். எத்தனையோ பேரிடம் எத்தனையோ டாக்டர்கள் சொல்லிவிட்டு மறந்துபோகும் வார்த்தைதான். அவள் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு புதுக் குடித்தனமே தொடங்கியது. கடைவிட்டு வந்ததும் அவர் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருவார். கிட்டாரின் கழுத்தை முன்னைவிட நிமிர்த்திப் பிடித்தால் முழங்கை அதிகம் மடங்காது என்று கண்டுபிடித்தார். அதற்கு இடது தொடைக்கு அடியில் வைக்க, அவள் வெட்டுத்துணிகளைத் திணித்து ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தாள். இருப்பதிலேயே மெல்லிய கம்பிகளை வாங்கி மாட்டினார். கடையில் அளவுகோலின் மேல் ஒரு இரும்புக் கட்டையை வைத்துப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டார். படுக்கப் போகுமுன் அவள் அவர் கையை நீட்டிவைத்து, துண்டைச் சுற்றி, நாடாவால் கட்டுவாள்.

"கைதி மாதிரி கட்டறியே."

"தப்பிச்சு எங்க போகப்போறீங்க?"

பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்துவிட்டு வாசிப்பார். கல்யாண நாளுக்கு இன்னும் நாலு மாதம். ஒருநாளைக்கு ஒரு விரல் நகர்ந்தால் போதும், வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அந்த மூன்றாவது பகுதி வரும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வார். தையல் மெஷினை மிதித்தபடியே ஓரக்கண்ணால் அவள் அதைப் பார்ப்பாள். ஒருநாள் உதட்டில் ரத்தமே வந்துவிட்டது.

மறுநாள் காலை, அவர் கடைக்குப் போனபிறகு, டெய்லரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இறுக்கத்துக்கு ஒரு மருந்து இருந்தது. மெஷினில் நூல் அதிகம் இறுகினால் துணி சுருங்கும், தையல் அறுக்கும். நூலைப் பிடித்திருக்கும் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இந்தக் கம்பிகளும் இறுக்கமாகத்தானே இருக்கின்றன? அதனால்தானே அவ்வளவு அமுக்க வேண்டியிருக்கிறது? உச்சியில் ஆறு திருகுகள். அவர் தினமும் வாசிக்க உட்காரும்போது அவற்றை முறுக்குவதைப் பதின்மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறாள். தான் காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல அதுவும் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். பழக்கதோஷத்தில் மனுஷன் முறுக்கி முறுக்கி ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

கேட்டால் தொடவிட மாட்டார். அதனால் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கிட்டாரை ஆணியிலிருந்து இறக்காமலே, ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்று தளர்த்தினாள். கம்பியை விரலால் அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. அவள் முகம் மலர்ந்தது.

அன்று சாயங்காலம் அவர் கிட்டாரை எடுத்து ஒரு தடவை மீட்டினார். முகத்தைச் சுளித்தார். ஆறு கம்பியும் ஆறு திசையில் நின்றன. சுருதி சேர்க்க உட்கார்ந்தார். திருகுகளை முறுக்குவதும் அந்த இடது கைதான். பத்து நிமிஷம் அதிலேயே போயிற்று. மிச்சம் ஐந்து நிமிஷத்தில் விரல் நடுங்கியது. அலாரம் அடித்துவிட்டது.

'மறுபடி முறுக்கிட்டாரே பாவி மனுஷன்' என்று நினைத்துக்கொண்டாள் டெய்லரம்மா. மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி அரைத் திருகு.

இப்படியே ஒரு மாதம். அவள் காலையில் தளர்த்துவாள். அவர் மாலையில் இறுக்குவார். அவர் கை தேறவேண்டும் என்பதற்காக அவள் செய்தது, அவர் கையில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திருகிலேயே கரைத்துக்கொண்டிருந்தது. ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்! ஆனால் அவரோ, கிட்டார் கெட்டுப்போகிறது என்று சொன்னால் அவள் கவலைப்படுவாள் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மருந்துக்கடைக்காரர் கீபோர்டை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"யோவ், உன் கிட்டாருக்கு என்ன சளி புடிச்சிருக்கா? கீழ போய் மாத்திரை எடுத்துட்டு வரவா?"

"ஏன்?"

"கம்பியெல்லாம் கீழ நிக்குதுய்யா. வீட்ல சேத்துட்டுத்தானே வந்தே?"

"காலையிலதான் சேத்தேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே ஒரு தடவை சேர்த்துவிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போவார். அது உண்மை. அவர் போனபிறகு நடந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாளே இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கிட்டாரைக் கொண்டுபோனார். "திருகு வழுக்குதுன்னு நெனைக்கிறேன் சார். காலையில சேத்தா சாயங்காலம் நிக்க மாட்டேங்குது." பழுதுபார்ப்பவர் ஒரு வாரம் வைத்திருந்து பார்க்கிறேன் என்றார். அந்த ஒரு வாரமும் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. டெய்லரம்மா காலையில் பத்து மணிக்கு அந்த ஆணியைப் பார்த்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது பழுதுபார்ப்பவர் கிட்டாரை அவர் முன்னாலேயே மீட்டிக் காட்டினார்.

"ஒரு கோளாறும் இல்ல சார். ஏழு நாள் இங்கயே தொங்கிச்சு. சேத்து வெச்சது சேத்து வெச்ச மாதிரியே நிக்குது. சுருதி பாக்கற மெஷின் வெச்சும் பாத்துட்டேன்."

"ஆனா எனக்கு தினமும் எறங்கின மாதிரி கேக்குதே?"

அந்த ஆள் நல்லவர்தான். வேலையில் கண்ணாக இருந்ததால் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "வயசாகுதுல்ல சார். காதை ஒரு தடவை பாத்துக்கங்க."

கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார். மறுநாள் சாயங்காலம் எடுத்து மீட்டினார். இறங்கியிருந்தது. அதாவது, இறங்கியிருந்ததாக அவர் காதில் கேட்டது.

அன்றைக்கு அலாரமே வைக்கவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வாசிக்கலையா?"

"கை வலிக்குதும்மா."

முதன்முறையாகக் கையின் மேல் பழியைப் போட்டார். கை வலியை அவர் தாங்கிக்கொள்வார். அது எதிரி மாதிரி, நேருக்கு நேர் நின்று மோதும். காது அப்படியா? கண்ணை மூடிக்கொண்டு அதன் பேச்சை நம்பித்தான் இத்தனை வருஷமும் நடந்திருக்கிறார். அதுவே பொய் சொல்கிறது என்றால்?

கல்யாண நாளுக்கு ஆறு வாரம் இருந்தபோது, கடையில் ஒரு பெரிய குடும்பப் படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். சக்கரம் ஓடியது. புதுத்துணி கிழிவதுபோல ஒரே சீரான சத்தம் வந்தது. வந்ததா? நடுவில் தேய்ந்ததோ? கண்ணைத் திறந்தார். கோடு சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கை அசைந்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, அதே கோட்டின் மேல் சக்கரத்தை இன்னொரு முறை ஓட்டினார்.

மேஜை விளிம்பில் கோட்டை வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். கண்ணாடி கோட்டைவிட்டு விலகி, குறுக்கே ஓடி உடைந்தது. மரத்துப்போன இடது கைக்கு நழுவுவது தெரியவில்லை. தெரிந்தபோது மேஜையின் கம்பளித் துணி சிவப்பாக இருந்தது.

"அண்ணே!" என்று ஓடிவந்த முதலாளி, மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்து ஒரு நொடி திகைத்து நின்றார். "ரெண்டு கோடா? நீங்களா?"

கையைவிட அந்தக் கேள்விதான் அவருக்கு அதிகம் வலித்தது.

உள்ளங்கையில் விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்திருந்தன. தைத்தார்கள். நாலு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்தன. மற்ற மூன்றும் மடங்கவில்லை. பயிற்சி செய்தால் ஏதாவது பிடிக்க வரும், கம்பியை அமுக்குகிற அளவுக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது டெய்லரம்மா மருந்துச் சீட்டோடு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் அவர், "பாக்கலாம்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

"பாக்கலாம்னா வந்துரும்ங்க" என்றாள் அவள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கடைக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்த ஒரு காலை. உள்ளறைக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். வழக்கமாக அந்நேரம் நன்றாகத் தூங்கிவிடுவார், மாத்திரை அப்படி. அன்று தூக்கம் பிடிக்கவில்லை. முன்னறையில் மெஷின் சத்தம் நின்றது. பத்து மணி. நாலு எட்டு நடக்கும் ஓசை. பிறகு ஒரு சின்ன முனகல். கம்பி ஒன்று தன் இடத்திலிருந்து கீழே இறங்குகிற சத்தம்.

கண்ணைத் திறந்தார். இன்னொன்று. இன்னொன்று.

ஆறாவது கம்பி இறங்கி முடிப்பதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழுதுபார்ப்பவர், மருந்துக்கடை மாடி, இரண்டாவது கோடு, கம்பளித் துணியில் படர்ந்த சிவப்பு, எல்லாம். என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது! கடைசிவரைக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! ரத்தம் தலைக்கேறியது. எழுந்தார். மகள் கம்பியை அறுத்த அன்று கத்தியதைப்போலப் பத்து மடங்கு கத்தப் போகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. கதவோரம் வந்தார்.

அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலால் ஒவ்வொரு கம்பியாக அமுக்கிப் பார்த்தாள். கிட்டாரிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இப்ப மெத்துன்னு இருக்கியா? அவரு கை ஆறி வந்து தொடும்போது முரண்டு புடிக்காம இரு. கேட்டியா? பாவம், எனக்காகத்தான் வாசிக்கறாரு."

வாய்வரை வந்த கத்தலை அவர் விழுங்கினார். சத்தமில்லாமல் திரும்பிப்போய்ப் படுத்தார். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். இந்த இடத்தில் அவர் அழுதார் என்று எழுதுவது எனக்குச் சுலபம். அழவில்லை. வலது கையால் இடது கையின் தழும்பைத் தடவிக்கொண்டே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்வரை படுத்திருந்தார்.

சொல்வதில்லை என்று முடிவு செய்தார். உன் அன்புதான் என் கையை அறுத்தது என்று எந்த வாயால் சொல்வது? அவள் அதற்குப் பிறகு ஊசியைத் தொடுவாளா? சாப்பிடுவாளா?

கல்யாண நாள் வந்தது. சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் ஒரு கேக் பொட்டலத்தோடு வந்தார். டெய்லரம்மா மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு பாவாடையின் கரையை அடித்துக்கொண்டே, "உக்காருங்கண்ணே, இதோ நாலு தையல்" என்றாள்.

நண்பர் எழுந்து சுவரிலிருந்து கிட்டாரை எடுத்தார். "உன் மெட்டுல எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நான் வாசிக்கறேன்யா. தங்கச்சி கேக்கட்டும்." ஒரு தடவை மீட்டினார். முகம் கோணியது.

"என்னய்யா இது, பழைய கட்டில் மாதிரி தொங்குது? யாரோ வேணும்னே தளத்தி விட்டிருக்காங்க. இப்படித் தளத்தினா சுருதி எங்கேர்ந்து நிக்கும்? இதை வெச்சுட்டுத்தான் காது போச்சு காது போச்சுன்னு பொலம்புனியா? கடையில ரெண்டாவது கோடு போட்டதுகூட அதனாலதான்னு சொன்னியேய்யா!"

மெஷின் நின்றது.

பாதித் தையலில் நின்றது. டெய்லரம்மாவின் கால் மிதியிலேயே இருந்தது. கை துணியிலேயே இருந்தது. அவள் திரும்பவில்லை.

"நான்தான்யா தளத்தினேன்" என்றார் ஒத்தக்கோடு. சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். குரல் உயர்ந்துவிட்டது. "கைக்கு லேசா இருக்கணும்னு நானேதான். அதுக்குப் போய் இந்த மூஞ்சிய ஏன் காட்டற? வெய்யி அதை. கேக்கை வெட்டு."

நண்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டாரை மெல்ல ஆணியில் மாட்டினார். கேக்கை வெட்டியது யார், தின்றது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் கிளம்பிப் போனபிறகு டெய்லரம்மா தட்டுகளைக் கழுவினாள். ஒரே தட்டை வெகுநேரம் கழுவினாள். படுக்கும் நேரம் வழக்கம்போல அவர் கையை நீட்டிவைத்துத் துண்டைச் சுற்றினாள். நாடாவின் முடிச்சு மூன்று தடவை நழுவியது.

"ஏங்க" என்றாள்.

"தூங்கும்மா."

மறுநாள் காலை அவர் உள்ளறையில் காத்திருந்தார். மெஷின் ஓடியது. பத்து மணி ஆயிற்று. மெஷின் நிற்கவில்லை. பத்தேகால். அவள் நிறுத்தாமல், மூச்சுவிடாமல், யாரோ துரத்துவதுபோல மிதித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தை அவர் காது அளந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவள் இப்படி மிதித்ததில்லை. இன்று இதை விட்டுவிட்டால் இனி என்றைக்கும் அவள் அந்தச் சுவரின் பக்கம் திரும்ப மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. மெட்டு போயிற்று. கை போயிற்று. அவளையும் அந்த ஆணியில் அறைந்துவிடலாமா?

எழுந்து முன்னறைக்கு வந்தார். வலது கையால் கிட்டாரை இறக்கி, அவள் தைத்துக் கொடுத்த சின்னத் தலையணையைத் தொடைக்கு அடியில் வைத்து, மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா."

மெஷின் நின்றது. அவள் நிமிரவில்லை.

"கம்பி ரொம்ப இறுக்கமா இருக்கு. எனக்கு ஒத்தக் கையால முடியல. கொஞ்சம் தளத்தி விடேன்."

அவள் நிமிர்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "நான் தொட்டா..."

"அரைத் திருகு போதும்."

அவள் எழுந்து வந்தாள். அவர் காலடியிலேயே உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முதல் திருகில் விரலை வைத்தபோது அவள் கண்ணீர் கிட்டாரின் உச்சியில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. வலது கைக் கட்டைவிரலால் அந்தக் கம்பியை மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் திருகத் திருக அந்தச் சத்தம் மெல்லக் கீழே இறங்கியது.

"போதுமா?"

"போதும். அடுத்தது."